கூலியும் அமானிதமே

கல்முனைப் பஸாரில் ஒரு துணிக்கடைக்கோ, சாய்ந்தமருதில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கோ, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கோ ஆள் எடுக்கும்போது முதலாளிமார் முதலில் விசாரிப்பது படிப்பையோ அனுபவத்தையோ அல்ல, நம்பிக்கையான ஆளா என்பதைத்தான். கல்லாவில் கை வைக்காதவன், சரக்கை வெளியே கொடுக்காதவன், முதலாளி இல்லாத நேரத்திலும் ஒழுங்காக வேலை பார்ப்பவன் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்பவர்கள் குறைவு. வேலைக்கு வருகிறவன் தன் முதலாளியை எதை வைத்து நம்புவது? முகாமைத்துவ நூல்கள் இதற்குப் பல வழிகளைச் சொல்கின்றன: ஊழியர்களோடு மனம்விட்டுப் பேசுங்கள், பாராட்டுங்கள், கருத்துக் கேளுங்கள் என்று. அவை தேவையானவைதான். ஆனால் ஜும்ஆவும் ஸகாத்தும் அன்றாட வாழ்வோடு பிணைந்த நமது கரையோர ஊர்களில் இந்தக் கேள்விக்கு அதைவிட ஆழமான ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. முதலாளி ஒரு தொழிலாளியின் நம்பிக்கையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்தத் தொழிலாளிக்கு உரியது எவ்வளவு தன் கையில் இருக்கிறது என்று அறிந்து, அதை உரிய நேரத்தில் குறைவில்லாமல் ஒப்படைத்தால் நம்பிக்கை பின்னால் வரும். ஒப்படைக்காதவருக்கு எந்த இனிய சொல்லும் அதை வாங்கித் தராது. அமானிதம் பேணுவது வேலைக்காரனின் கடமை என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். வேலைத்தலத்தில் முதல் அமானிதக்காரர் முதலாளிதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை விளங்கிக்கொள்ள வேலைக்கும் கூலிக்கும் இடையே உள்ள கால வரிசையைப் பார்த்தால் போதும். உழைப்பு முன்னால் போகிறது, கூலி பின்னால் வருகிறது. மாதச் சம்பளக்காரர் முப்பது நாள் உழைப்பை முதலாளியிடம் கொடுத்துவைத்துவிட்டுத்தான் முப்பத்தோராம் நாள் கை நீட்டுகிறார். அதுவரை அவர் கடன் கொடுத்தவர், முதலாளி கடனாளி. நமது பிரதேசத்தின் மூன்று பழைய தொழில்களிலும் இது வெளிப்படையாகத் தெரியும். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் போடியாரின் வயலைப் பொறுப்பேற்று நடத்திய முல்லைக்காரர், விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை ஒரு போகம் முழுவதும் பாடுபட்டுவிட்டுக் களத்துமேட்டில்தான் தன் பங்கைக் கண்டார். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நாட்கணக்கில் கடலில் கிடந்து மீனைக் கரை சேர்க்கிறார்கள். அது விற்று, எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்த பிறகுதான் அவர்களுடைய பங்கு தெரியவரும். மருதமுனையில் நூலைக் கொடுப்பவர் ஒருவர், தறியில் இருந்து நெய்பவர் இன்னொருவர். சாறனோ சாரியோ நெய்து முடித்துக் கையில் கொடுத்த பின்புதான் நெசவுக் கூலி. மூன்று இடத்திலும் இன்னொரு பொதுத்தன்மை உண்டு. நெல்லை அளக்கிறவர், மீனின் விலையை எழுதுகிறவர், துணியின் குறையைத் தீர்மானிக்கிறவர் எல்லாரும் கொடுக்கும் பக்கத்தவர்கள். கணக்குப் புத்தகம் முதலாளியிடம் இருக்கிறது. தொழிலாளி கல்லாவை ஏமாற்றக்கூடும் என்ற பயம் முதலாளிக்கு இருக்கிறது. முதலாளி கணக்கை ஏமாற்றக்கூடும் என்ற பயமும் தொழிலாளிக்கு இருக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை.

குர்ஆனும் நபிமொழியும் இந்தப் பேசாத பயத்தின் பக்கம் நின்றே பேசுகின்றன. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடு என்று ஸூரத்துல் முதஃப்பிஃபீன் தொடங்குகிறது. ஷுஐப் நபி (அலை) தம் சமூகத்திடம் அளவையும் நிறையையும் நிறைவாக்கச் சொன்னபோது, மக்களுக்கு உரிய பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்தே சொன்னார். எட்டு மணி நேரத்துக்குப் பேசிப் பத்து மணி நேரம் வேலை வாங்குவதும் இந்த அளவுக் குறைப்பில் அடங்கும். ஸஹீஹுல் புஹாரியில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸியில், மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்கப் போவதாக அல்லாஹ் கூறும் மூவரில் ஒருவர், கூலிக்கு ஆள் அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். கூலியாளின் வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள் என்ற பிரபலமான அறிவிப்பு இப்னு மாஜாவில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அந்த ஒன்றை ஒதுக்கிவைத்தாலும் வாதம் பலவீனப்படாது. புஹாரியின் எச்சரிக்கை அதைவிடக் கடுமையானது. தொழிலாளிக்கு நீதிமன்றம் போக வசதியில்லாமல் இருக்கலாம், பேசப் பயமாக இருக்கலாம். அவருடைய வழக்கை நடத்துபவன் யார் என்பதைத்தான் இந்த ஹதீஸ் முதலாளிக்கு நினைவூட்டுகிறது.

கூலியும் ஓர் அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குகையில் அகப்பட்ட மூவரின் வரலாறு. பாறை வந்து வாசலை அடைத்துக்கொண்டபோது, மூவரும் தாம் செய்ததிலேயே மிகத் தூய செயலைச் சொல்லி அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். ஒருவர் பெற்றோருக்குச் செய்த பணிவிடையைச் சொன்னார். ஒருவர் பாவத்தின் விளிம்பிலிருந்து அல்லாஹ்வுக்குப் பயந்து திரும்பியதைச் சொன்னார். மூன்றாமவர் சொன்னது ஒரு கூலிக் கணக்கை. அவரிடம் வேலை செய்த ஒருவர் தன் கூலியை வாங்காமலே போய்விட்டார். புஹாரியின் ஓர் அறிவிப்பில் அந்தக் கூலி ஓர் அளவு நெல்லரிசி என்றே வருகிறது. வேளாண்மைப் பூமியான நமது மாவட்டத்தில் இந்த விவரம் தனிக் கவனத்துக்கு உரியது. முதலாளி அதைத் தன் சாக்கில் கொட்டிக்கொள்ளவில்லை. விதைத்துப் பெருக்கினார், அது கால்நடைகளாக வளர்ந்தது. பல காலம் கழித்து வந்த கூலியாள் தன் கூலியைக் கேட்டபோது அத்தனையையும் காட்டி உன்னுடையது என்றார். வந்தவரால் நம்ப முடியவில்லை, என்னைக் கேலி செய்யாதீர்கள் என்றார். அந்த முதலாளி அவருடைய நம்பிக்கையைப் பெறுவதற்காக எதையும் செய்யவில்லை என்பதையும், அவர் திரும்பி வருவார் என்ற உறுதிகூட இல்லாத நிலையில்தான் பொருளைக் காத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெருக்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்று சொல்லலாம். அது உண்மைதான், பெருக்கியது இஹ்ஸான். ஆனால் மூலக் கூலி தன்னுடையதல்ல என்ற தெளிவு கடமை, அந்தத் தெளிவில்லாமல் இஹ்ஸானுக்கு இடமே இல்லை. நாம் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் இதே திசையில்தான் செல்கிறது. கூலி இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிய மாத்திரத்திலேயே அது கூலியாளின் உடைமையாகிவிடுகிறது என்பது அதன் நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபு வேலையின் பயன் கிடைப்பதோடு அதை இணைக்கிறது. எப்படிப் பார்த்தாலும், வேலை முடிந்த பிறகு முதலாளியின் பெட்டியில் இருக்கும் கூலி முதலாளியின் பணமல்ல.

இங்கே முதல் மறுப்பு எழும். குர்ஆனே வேலைக்காரனிடம்தானே நம்பகத்தன்மையை எதிர்பார்க்கிறது என்பார்கள். மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள் மூஸா நபியை (அலை) வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தந்தையிடம் கேட்டபோது, வேலைக்கு அமர்த்த மிகச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவரே என்றார். ஆள் தேடும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய இரு தகுதிகள் அவை. ஆனால் அந்த இடத்தோடு வாசிப்பை நிறுத்தக்கூடாது. அடுத்த வசனத்திலேயே அந்தப் பெரியவர் முதலாளியாகப் பேசுகிறார். எட்டு ஆண்டு வேலை என்று காலத்தைச் சொல்கிறார். பத்தாக்குவது உம்முடைய விருப்பம் என்று தெரிவைக் கையில் கொடுக்கிறார். உம்மைக் கஷ்டப்படுத்த நான் விரும்பவில்லை என்று தன் எல்லையைத் தானே வகுக்கிறார். அதற்கு மூஸா நபி, இது நம் இருவருக்கும் இடையிலான உடன்பாடு, அல்லாஹ் சாட்சி என்கிறார். ஊரைவிட்டு ஓடிவந்து, தங்க இடமும் கையில் காசும் இல்லாமல் மரநிழலில் ஒதுங்கியிருந்த ஒரு மனிதரிடம் இவ்வளவு தெளிவாக நிபந்தனை பேசத் தேவையே இல்லை; என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலை அவருடையது. அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்ளாததுதான் அந்த முதலாளியின் நம்பகம். கூலி இன்னதென்று தெரியாத ஒப்பந்தம் பழுதானது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வதன் பொருளும் இதுவே. நமது கடைகளில் வேலைக்குச் சேரும் பையன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், வேலையைச் செய், பார்த்துத் தாறன் என்று பதில் வரும். கேட்க அன்பாக இருக்கும் அந்தச் சொல்லில், பேரம் பேசும் உரிமை முழுவதும் ஒருவர் கைக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது மறுப்பு நமது ஊர்களின் உறவுமுறையிலிருந்து வருகிறது. வேலைக்கு வருகிறவன் மச்சானின் மகன், அல்லது ஒரே பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவன். நாமெல்லாம் சொந்தக்காரர்தானே, நமக்குள்ள எழுத்தெதுக்கு என்பார்கள். நியமனக் கடிதம் கேட்பது காக்காவைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த உணர்வை நான் இலேசாக எண்ணவில்லை. ஊர் உறவின் பலத்தில்தான் நமது வியாபாரங்கள் போரையும் இடப்பெயர்வையும் கடந்து நின்றன. ஆனால் குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சிறிதானாலும் பெரிதானாலும் அதை எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்பதைப் பற்றியது. அது இறக்கப்பட்டது ஒருவரையொருவர் உயிரினும் மேலாக நேசித்த மதீனாச் சமூகத்துக்கு. கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும் என்றெல்லாம் அந்த வசனம் விவரமாக வகுத்துச் சொல்கிறது. எழுத்து அன்பைக் குறைக்குமானால் அந்தச் சமூகத்திடம் அது கேட்கப்பட்டிருக்காது. எழுத்தின் தேவை மனிதன் பொய் சொல்வான் என்பதால் மட்டும் வருவதல்ல. மனிதன் மறப்பான், மனிதன் இறப்பான். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் நம்முடையது. வாய்ப்பேச்சில் மட்டும் நின்ற கொடுக்கல் வாங்கல் ஒரு காலைப் பொழுதோடு சாட்சியற்றுப் போகலாம் என்று மருதமுனைக்கோ சாய்ந்தமருதுக்கோ யாரும் விளக்கத் தேவையில்லை. ஒருவர் இறந்தால் வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் அவருடைய கடன்கள் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை, இன்னொருவர் அந்தக் கடனைப் பொறுப்பேற்கும்வரை நபியவர்கள் (ஸல்) முன்நின்று நடத்தவில்லை. கொடுபடாத கூலியும் அந்தக் கடன்களில் ஒன்று. எழுத்தில் இல்லாததை வாரிசுகள் எங்கே தேடுவார்கள்?

நாட்டின் சட்டத்தையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் போக வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 வீதத்தை முதலாளியிடம் கேட்கிறது. இவற்றைக் கொழும்புக் கம்பனிகளின் விவகாரம் என்றும், ஏதோ ஒரு வரி என்றும் எண்ணும் போக்கு நமது பஸார்களில் இருக்கிறது. 8 வீதத்தை யோசித்துப் பாருங்கள். அது சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட தொழிலாளியின் சொந்தப் பணம். மத்திய வங்கியில் உள்ள அவருடைய கணக்கில் சேரும்வரை முதலாளியின் கையில் தங்கி நிற்கிறது. அமானிதம் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் தேடினாலும் கிடைக்காது. அதைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வியாபாரத்தில் சுழற்றுகிறவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைச் செலவழித்தவர் ஆகிறார். கழிக்கவே இல்லையே, முழுச் சம்பளத்தையும் கையில் கொடுக்கிறேனே என்பவரும் தப்ப முடியாது. முதலாளியின் பங்கான 12 வீதம் தொழிலாளியின் முதுமைக்குச் சட்டம் உறுதிசெய்த உரிமை. செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி குர்ஆன் விசுவாசிகளை விளித்துச் சொல்லும்போது, ஒரு நாட்டில் கடை திறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டு வியாபாரம் செய்கிறவரின் உடன்பாடும் அதற்குள் வருகிறது.

மூன்றாவது மறுப்பு அனுபவத்தின் பேரால் வரும். களவு நடக்கிறது; நம்பிக் கொடுத்த கல்லாவில் பணம் குறைகிறது; கேமரா பூட்டாமல், பையைச் சோதிக்காமல் கடை நடத்த முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லும் மார்க்கம் இதுவல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர் நபியவர்கள் (ஸல்). தமிழ் மரபும் அப்படித்தான். தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஆராயாமல் ஒருவரைத் தேர்வதும் தேர்ந்த பின் ஐயப்படுவதும் ஒன்றுபோலத் தீராத துன்பம் தரும் என்று அதை முடித்தார். சோதனை முன்னால் நடக்க வேண்டும் என்பது அதன் பாதி. தேர்ந்த பின் ஓயாமல் துருவக்கூடாது என்பது மறுபாதி. நமது வேலைத்தலங்களில் தவறுவது பெரும்பாலும் இந்த மறுபாதிதான். கணக்குப் பார்ப்பது வேறு, மனிதனைத் துருவுவது வேறு. நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், சோதித்தது தானியத்தை. ஸகாத் திரட்டப் போய்வந்த இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று கேட்டார்கள். அவர் பொறுப்பில் இருந்த அதிகாரி. அந்தரங்கத்தைத் துருவித் துருவி ஆராய்வதையோ குர்ஆன் வெளிப்படையாகத் தடுக்கிறது. கல்லாவை மாலையில் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவது முதலாவது வகை. அது நேர்மையான ஊழியரையும் பழியிலிருந்து காக்கும். சாப்பிடும் இடத்திலும் கேமரா வைப்பதும், வேலைக்காரப் பிள்ளைகளிடமே ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் உளவு கேட்பதும் இரண்டாவது வகை.

குறைந்த பணத்தையும் உடைந்த பொருளையும் மாதச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கத்தையும் இங்கேயே எடைபோட வேண்டும். ஒருவரிடம் மட்டும் வேலை செய்யும் கூலியாளின் கையில் இருக்கும் பொருள் அமானிதமாக இருக்கிறது. அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் நேர்ந்த நட்டத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல என்பது மத்ஹபுகளின் பொதுவான நிலை. நட்டத்தின் அபாயம் முதலுக்கு உரியது, ஏனென்றால் இலாபமும் முதலுக்கே போகிறது. கை தவறி உடைந்த கண்ணாடிக்குச் சம்பளத்தில் வெட்டு விழும் கடையில் அடுத்த முறை ஏதாவது உடைந்தால் பையன் அதை ஒளித்துவைப்பான், உண்மை சொல்ல மாட்டான். பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி), ஒரு தடவைகூடச் சலிப்பான வார்த்தையைக் கேட்டதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்று அதட்டப்பட்டதில்லை என்று சாட்சி சொன்னார். மறுபக்கத்துக்கு அமெரிக்காவின் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை ஓர் உதாரணம். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்ட் நாளொன்றுக்கு 5 டொலர் என்று அறிவித்து உலகை வியக்க வைத்தார். அது அன்றைய சாதாரணக் கூலியைப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அந்தத் தொகையை முழுமையாகப் பெறத் தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று விதித்து, அதைப் பார்த்துவர ஆட்களை வீடுகளுக்கே அனுப்பினார். கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் அங்கே நம்பிக்கை வளரவில்லை. 1937 இல் தொழிற்சங்க அமைப்பாளர்கள் ஆலை வாசலில் தாக்கப்பட்டார்கள். 1941 இல் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே நிறுவனம் சங்கத்தை ஏற்றது. கூலியைக் கூட்டிக் கொடுத்து மானத்தைக் குறைத்தாலும் கணக்கு நேராகாது.

நான்காவது மறுப்பு மிக மென்மையானது. அதனாலேயே பதில் சொல்லக் கடினமானது. எங்கள் முதலாளிமார் நோன்புக்கு உடுப்பும் அரிசியும் கொடுக்கிறார்கள், வேலைக்காரரின் மகளின் கலியாணத்துக்கு உதவுகிறார்கள், வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கிறார்கள்; சம்பளச் சீட்டில் இல்லாத அன்பு இதில் இருக்கிறதே என்பார்கள். உண்மை, இருக்கிறது. அது நமது சமூகத்தின் அழகு, அது நின்றுபோகக்கூடாது. ஆனாலும் கூலி ஹக்கு, ஸதகா கொடுப்பவரின் விருப்பம். ஹக்கைப் பெறுகிறவர் தலை நிமிர்ந்து பெறுகிறார். ஸதகாவாகவே எல்லாம் வரும் இடத்தில், உரிமையைக் கேட்பது நன்றிகெட்டதனமாக மாறிவிடுகிறது. கேட்க முடியாத இடத்தில் விசுவாசம் இருக்கலாம், நம்பிக்கை இருக்காது. தன் மீது கடமையாக உள்ள கூலியை ஸகாத்தைக் கொண்டு ஈடுசெய்ய மார்க்கத்தில் இடமில்லை. அது ஏழையின் பணத்தால் தன் கடனை அடைப்பதாகும். இரண்டாம் உம்ராவுக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன், சேமலாப நிதியில் நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதும் இபாதத்தின் பகுதிதான்.

ஐந்தாவது மறுப்பு வறுமையின் மொழியில் வருகிறது. நமது கடைகள் கடனில் ஓடுகின்றன; 2022 இல் ரூபா சரிந்து எரிபொருள் வரிசைகள் நீண்டபோது முதலாளிக்கே வீட்டில் அடுப்பெரிய வழியில்லை; நூல் விலையும் எண்ணெய் விலையும் ஏறிய காலத்தில் சொன்ன நாளில் எப்படிக் கொடுப்பது? இது நியாயமான கேள்வி. மார்க்கம் இதில் ஒரு கோட்டைத் தெளிவாகக் கீறியிருக்கிறது. வசதியுள்ளவர் தவணை தாண்டி இழுத்தடிப்பது அநியாயம் என்று நபியவர்கள் சொன்னார்கள். உண்மையாகவே நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கக் குர்ஆன் சொல்கிறது. அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர், அதாவது இங்கே தொழிலாளி. தானாக எடுத்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு இல்லை. அவர் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். ஆழ்கடல் படகின் பங்கு முறையில் ஒரு பாடம் இருக்கிறது. மீன் கிடைக்காத பயணத்தில் பங்கு சொற்பமாக இருந்தாலும், பிடிபட்டது எவ்வளவு என்பது படகில் இருந்தவர்களுக்குத் தெரியும். குறைந்த பங்கை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். மறைக்கப்பட்ட கணக்கைத் தாங்கமாட்டார்கள். கடைக்கும் தறிக்கும் ஆலைக்கும் இது பொருந்தும். இந்த மாதம் வியாபாரம் இவ்வளவு, கட்ட வேண்டிய காசோலைகள் இவ்வளவு, பாதிச் சம்பளம் இன்று, மீதி இன்ன தேதியில் என்று எழுதிக் கொடுக்கும் முதலாளியை நெருக்கடி காலத்தில் தொழிலாளர் விட்டுப்போவது அரிது.

இந்த அமானிதம் ஜமாஅத்தின் எல்லையோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமது கரையோரத்தில் பாண்டிருப்பும் காரைதீவும் முஸ்லிம் ஊர்களோடு தோளுரசி நிற்கின்றன. நமது கடைகளிலும் வயல்களிலும் தமிழரும் சிங்களவரும் கூலிக்கு நிற்கிறார்கள். நம்பிக்கை நம்மவருக்குள் மட்டும்தான் சாத்தியம் என்ற எண்ணம் போர்க்காலத்தின் காயத்திலிருந்து வந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் ஹிஜ்ரத்தின் இரு நிகழ்ச்சிகள் அந்த எண்ணத்தை ஏற்பதில்லை. கொல்லத் தேடுகிறவர்கள் பின்னால் வரும் பயணத்தில், நபியவர்களும் அபூபக்ரும் (ரழி) கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி இன்னும் குறைஷியரின் மதத்தில் இருந்தவர். தங்கள் ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள், மூன்று இரவு கழித்துத் தவ்ர் குகைக்கு வரும்படி இரகசியத்தைச் சொன்னார்கள், அவர் சொன்னபடி வந்தார். மக்காவிலோ, தம்மை விரட்டிய மக்கள் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீயை (ரழி) விட்டுவந்தார்கள். பகை உச்சத்தில் இருந்த நாளிலும் அமானிதம் ஆளின் மதம் பார்த்து மாறவில்லை.

கடைசியாக ஒரு தத்துவ ஐயம். நேர்மையாகச் சம்பளம் கொடுத்தால் ஊழியர் நிலைப்பார், களவு குறையும், வியாபாரம் வளரும் என்றால், இதில் மார்க்கம் எங்கே இருக்கிறது, இது இன்னொரு வியாபார உத்திதானே? பயன் வருவது உண்மை. பயன் வருவதால் ஒரு கடமை கடமையல்லாமல் போவதில்லை. உத்தியாகச் செய்கிறவரையும் கடமையாகச் செய்கிறவரையும் பிரித்துக் காட்டும் ஓர் உரைகல் உண்டு. தொழிலாளி கேட்க முடியாத நிலையில் இருக்கும்போது, அவர் இறந்த பிறகு அவருடைய விதவைக்கு, ஊரைவிட்டு மத்திய கிழக்குக்குப் போய்விட்ட ஒருவருக்கு, எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மூத்தம்மாவுக்கு, உரியது போய்ச் சேர்கிறதா? குகையில் இருந்த மூன்றாமவர் தேறியது இந்தச் சோதனையில்தான். உத்தி கேட்கிறவர் இருக்கும்வரை நிற்கும், அமானிதம் கேட்கிறவர் இல்லாதபோதும் நிற்கும். அப்படி நிற்பதைப் பார்த்திருக்கும் மற்றத் தொழிலாளர்கள், தமக்கும் அது நடக்கும் என்று அறிந்துகொள்கிறார்கள். வேலைத்தலத்து நம்பிக்கை என்பது அந்த அறிவுதான்.

ஆகவே தொடங்க வேண்டிய வேலைகள் பெரியவையல்ல: சேரும் நாளில் சம்பளமும் நேரமும் எழுதிய ஒரு தாள், மாத முடிவில் கழிவுகளைக் காட்டும் ஒரு சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக்குப் பணம் போனதற்கான அத்தாட்சி, நட்டத்தைச் சம்பளத்தில் வெட்டுவதில்லை என்ற உறுதி. இவற்றை மிம்பரிலிருந்து ஊருக்குச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நமது ஊர்களில் பள்ளிவாசலும் ஒரு முதலாளிதான். இமாமும் முஅத்தினும் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவியும் அதன் ஊழியர்கள். அவர்களுடைய ஊதியம் எழுத்தில் இருக்கிறதா, குறித்த நாளில் கையில் சேர்கிறதா, முதுமைக்கு ஏதாவது ஒதுக்கப்படுகிறதா, அல்லது மக்கள் தரும் அன்பளிப்பை நம்பி விடப்பட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு நம்பிக்கையாளர் சபையும் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். கூலியைப் பற்றிய குத்பாவை நிகழ்த்துகிறவரின் கூலி முதலில் நேராகட்டும். அங்கே நேரானால், பஸாரிடமும் வயலிடமும் தறியிடமும் படகிடமும் அதையே கேட்கும் தகுதி அந்தச் சபைக்கு வந்துவிடும்.